நான்ட் குர்தெய்ர்ன் மீண்டும் ஊராகிவிட்டதா?

கடலோரன்:
வேல்ஸின் வடமேற்கில், லீன் தீபகற்பத்தின் வடகரையில், அர் எய்வில் மலையடிவாரத்தில் உள்ள பழைய கல்குவாரி ஊரான நான்ட் குர்தெய்ர்னை ‘மீட்டெடுக்கப்பட்ட ஊர்’ என்று பலரும் போற்றுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 1959இல் கடைசிக் குடும்பம் மேட்டுக்கு ஏறிப் போனபோதே அந்த ஊரின் கதை முடிந்துவிட்டது. இன்று அங்கே இருப்பது வெல்ஷ் மொழி கற்பிக்கும் உறைவிட நிலையம். கல்லுடைத்தவர்கள் குடியிருந்த வீடுகளில் மாணவர்கள் சில நாள் தங்கிவிட்டுப் போகிறார்கள். வழிபாடு நடந்த சிற்றாலயம் மரபுக் கூடமாகிவிட்டது. தலைமுறையாக வாழும் குடும்பம் ஒன்றுகூட இல்லாத இடத்தை ஊர் என்று எப்படிச் சொல்வது?

வரலாற்று மாணவி:
கடலோரன் அவர்களே, நீங்கள் எந்த ஊரை இழந்ததாகச் சொல்கிறீர்கள்? கல்குவாரி வரும் முன் அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தவை மூன்று பண்ணைகள் மட்டுமே. 1861இல் கருங்கல் வெட்டத் தொடங்கினார்கள். 1878இல் தொழிலாளர்களுக்காக இரண்டு வரிசை வீடுகள் எழுந்தன. தெருவில் பாவுவதற்கான செவ்வகக் கற்களைக் கையால் செதுக்கி, சரிவுப் பாதையில் கடற்கரைக்கு இறக்கி, கப்பலேற்றி லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் அனுப்பினார்கள். தார்ச்சாலை பெருகியதும் அந்தக் கல்லுக்குத் தேவை குறைந்தது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குவாரி மூடப்பட்டது, பிழைப்பு போனதும் மக்களும் போனார்கள். ஒரு தொழிலுக்காகப் பிறந்த ஊர், இன்னொரு தொழிலுக்காக மறுபடி விளக்கேற்றிக் கொண்டதை மரணம் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

கடலோரன்:
தொழில் மாறியதை நான் குறை சொல்லவில்லை. குவாரிக்காரர்கள் வேற்றிடங்களிலிருந்து வந்தவர்கள்தாம். ஆனால் அங்கேயே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளைப் பள்ளத்தாக்கின் பள்ளியிலேயே படிக்க வைத்தார்கள். அதே தீபகற்பத்தின் தென்கரையில் உள்ள அபெர்சோக்கைப் பாருங்கள். வீடுகளுக்குக் குறைவில்லை, கோடையில் கூட்டத்துக்கும் குறைவில்லை. ஆனால் பல வீடுகள் வெளியூர்க்காரர்களின் விடுமுறை இல்லங்களாகிவிட்டதால் பிள்ளைகள் குறைந்து, 2021 டிசம்பரில் ஊர்ப்பள்ளியையே மூடினார்கள். வந்து போகிறவர்களை வைத்து ஒரு ஊரின் உயிரை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மலைப்பாதை:
இருவருமே பள்ளத்தாக்குக்குள் நின்றே பேசுகிறீர்கள். அருகிலுள்ள லனைல்ஹயார்ன் என்ற ஊரைப் பார்க்காமல் நான்ட் குர்தெய்ர்னைப் புரிந்துகொள்ள முடியாது. மான்செஸ்டரில் பிறந்த கார்ல் க்ளோவ்ஸ், 1970இல் அந்த ஊருக்கு மருத்துவராக வந்தார். வேலை இல்லாமல் இளைஞர்கள் வெளியேறிக் கொண்டிருந்தார்கள். ஊர்ப்பள்ளியை மூடும் பேச்சும் எழுந்தது. மக்கள் திரண்டு பள்ளியைக் காத்தார்கள். 1974இல் தாங்களே ஒரு சமூகக் கூட்டுறவைத் தொடங்கிப் பின்னலாடையும் மட்பாண்டமும் செய்தார்கள். 1978இல் அறக்கட்டளை அமைத்து 25,000 பவுண்டுக்கு நான்டை வாங்கியதும் இதே முயற்சியின் தொடர்ச்சிதான். அப்போது அந்த வீடுகள் இருந்த நிலையையும் நினைத்துப் பாருங்கள்: எழுபதுகளில் அங்கே தங்கிய ஹிப்பிகள் கதவுகளையும் தரைப்பலகைகளையும் பெயர்த்து விறகாக எரித்திருந்தார்கள். 1982இல் முதல் வகுப்பு நடந்தது. மொழி கற்பிப்பதே சுற்றுவட்டாரத்துக்கு வேலையாகட்டும் என்பதே அவர்கள் நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறியதா என்று கேளுங்கள். 1900ஆம் ஆண்டின் ஊர் திரும்பியதா என்று கேட்பது அவர்களுக்கு நியாயம் செய்வதாகாது.

கடலோரன்:
அந்த மருத்துவரின் உழைப்பின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. என் அச்சம் வேறு. இந்தத் தீபகற்பம் அடங்கிய குவினெத் மாவட்டத்தில் வெல்ஷ் பேசுவோர் 2011இல் 65.4 விழுக்காடு, 2021இல் 64.4. வகுப்புகள் பல்லாண்டாக நடந்தும் சரிவு நிற்கவில்லை, ஏனென்றால் மொழி வீட்டில் வாழ்கிறது, அந்த வீட்டை உள்ளூர் இளைஞரால் வாங்க முடிவதில்லை. குடியிருப்பை விடுமுறை இல்லமாக மாற்றத் திட்ட அனுமதி வேண்டும் என்று 2024 செப்டம்பரில் குவினெத் மன்றம் நடைமுறைப்படுத்திய விதி, இத்தகைய நிலையங்கள் பத்தைவிட மேலானது என்பேன்.

வரலாற்று மாணவி:
அந்த விதியை நானும் முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் அத்தகைய விதி வீட்டைத்தான் காக்கும். அந்த வீட்டுக்குக் குடிவரும் வெளியூர்க் குடும்பத்தை வெல்ஷ் பேச வைக்காது. பிள்ளைகளுக்காவது குவினெத் பள்ளிகளில் வெல்ஷ் வழிக் கல்வி இருக்கிறது, தாமதமாக வந்து சேர்பவர்களுக்குத் தனி மொழி மையங்களும் உண்டு. பெற்றோர் எங்கே போவார்கள்? பிள்ளை கற்ற மொழிக்கு வீட்டில் மறுமொழி சொல்ல ஆள் இல்லையென்றால், நீங்கள் அஞ்சும் சரிவு அடுத்த தலைமுறையில் இன்னும் வேகமாக நடக்கும்.

கடலோரன்:
பெற்றோர் பற்றிய உங்கள் வாதம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அறக்கட்டளையிடம் என் கோரிக்கை இதுதான்: அந்த வரிசை வீடுகளில் இரண்டையோ மூன்றையோ, வெல்ஷ் பேசும் இளம் குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதும் குடியிருக்க நியாயமான வாடகைக்கு விடட்டும்.

மலைப்பாதை:
கடைக்கும் பள்ளிக்கும் அந்தச் செங்குத்தான பாதையில் நாள்தோறும் ஏற வேண்டிய குடும்பத்துக்கு, லனைல்ஹயார்னிலேயே ஒரு வீடு கிடைப்பது மேல். பணம் இருந்தால் அதை அங்கே செலவிடச் சொல்வேன்.