கிழிச்சு தைச்சதெல்லாம் புத்தகமா?

பரண்மேல்பூனை:
நேத்து ஒரு பெரியமனுஷன் இங்க வந்து, அறிவை வளர்க்கத்தான் படிக்கணும், வாரப் பத்திரிகை தொடர்கதைய கிழிச்சு பைண்ட் பண்ணி படிச்சவங்கல்லாம் வாசகரே இல்லன்னு எழுதிட்டுப் போயிருக்கார். எங்க பாட்டி அஞ்சாங்கிளாஸ். 1950லேர்ந்து 54 வரைக்கும் கல்கில பொன்னியின் செல்வன் வந்தப்ப வாராவாரம் கிழிச்சு சேர்த்து, கோணி ஊசியால தைச்சு, மணியம் வரைஞ்ச படத்தோட, நடுவுல வந்த தைல விளம்பரத்தோட வச்சிருந்தாங்க. வந்தியத்தேவன் அடுத்த வாரம் தப்பிச்சானா இல்லையான்னு தெரியணும், படிச்சதுக்கு அவ்ளோதான் காரணம். போதாதா சார்?

கறார்வாசகன்:
அந்தப் பெரியமனுஷன் நான்தான், பேரச் சொல்லியே திட்டலாம். பாட்டி மேல மரியாதை உண்டு. ஆனா அது பைண்டிங், புத்தகம் இல்ல. சோழர் பத்தி தெரியணும்னா நீலகண்ட சாஸ்திரி 1935லயே எழுதி வச்சிருக்கார்.

டீக்கடைபெஞ்ச்:
அண்ணே, புத்தகம்னா என்னன்னு முதல்ல பேசிக்கோங்க. யுனெஸ்கோ 1964ல சொன்ன கணக்கு இருக்கு, அட்டைய விட்டுட்டு 49 பக்கமாவது இருக்கணும், பருவ இதழா இருக்கக்கூடாது.

பரண்மேல்பூனை:
யுனெஸ்கோ எங்க வீட்டுப் பரண்ல ஏறி எண்ணிப் பாத்துச்சா தம்பி?

கறார்வாசகன்:
பருவ இதழா இருக்கக்கூடாதாம். நான் சொன்னதேதான். பைண்டிங்.

பரண்மேல்பூனை:
சரி, நம்ம சீர்காழிக்காரர் ரங்கநாதன், நூலகத்துறைக்கே தந்தைன்றாங்க, 1931ல அஞ்சு விதி எழுதினார், அதுல ஒவ்வொரு வாசகருக்கும் அவரவர் புத்தகம்னு ஒரு விதி, அறிவுக்குப் படிக்கிறவருக்கு மட்டும்னு போடல, தூக்கம் வராதவன் படிப்பான், மாமியார் கூட பேசப் பிடிக்காம படிப்பாங்க, எங்க அத்தை மூணு மணி நேர பஸ்ல ஜன்னலோரம் மாத நாவல் படிச்சே முப்பது வருஷம் வேலைக்குப் போய் வந்தாங்க, இவங்கல்லாம் யாரு, உங்ககிட்ட சர்டிபிகேட் வாங்கணுமா?

கறார்வாசகன்:
அவரு "புத்தகம்"னுதான் சொன்னாரு. கிழிச்சு தைச்ச பேப்பர்னு சொல்லல.

குரூப்4கனவு:
நான் டெய்லி காலைல எட்டு மணிக்கே லைப்ரரில உக்காந்து பரீட்சைக்குப் படிக்கிறேன். நான் வாசகனா இல்லையா?

டீக்கடைபெஞ்ச்:
நீங்கதானா அது? நோட்ட வச்சு இடம் பிடிச்சுட்டு டீ குடிக்கப் போறது?

குரூப்4கனவு:
அஞ்சு நிமிஷம்தான் போனேன், எங்க நோட்ட எடுத்து கீழ போட்டது யாருன்னு இப்ப புரியுது.

பரண்மேல்பூனை:
உங்க சண்டைய அப்புறம் வச்சுக்கோங்க. கறார் சார், ஒண்ணு கேக்குறேன். நந்தனம் புத்தகக் கண்காட்சிக்கு கூட்டிட்டுப் போனா நீங்க டெல்லி அப்பளத்தோடதான வெளிய வந்தீங்க? பை காலி. அறிவு அப்பளத்துலயா வளந்துச்சு?

கறார்வாசகன்:
அப்பளம் என் காசு. நான் வீட்லயே நிறைய வச்சிருக்கேன், கண்டதையும் வாங்கி அடுக்குற பழக்கம் இல்ல.

பரண்மேல்பூனை:
வீட்ல இருக்கறதுல ரெண்டு என்னோடது. வாங்கிட்டுப் போய் நாலு வருஷம் ஆச்சு. முதல் பக்கத்துல என் கையெழுத்து இருக்கும், பாருங்க.

கறார்வாசகன்:
தரும்போதே ஒண்ணுல பக்கம் உதிர்ந்துதான் இருந்துச்சு. அதுவும் உங்க பாட்டி பைண்டிங்தான் போல.

பரண்மேல்பூனை:
பாட்டி தைச்சது எழுபது வருஷமா ஒரு பக்கம் உதிரல சார்! உங்களுக்கு இன்னும் நாலு பாயிண்ட் வச்சிருக்கேன், இங்க கரண்ட் போயிருச்சு, சார்ஜ் போட்டுட்டு வர்றேன். எங்கயும் போயிராதீங்க.