எச்பி-38 துப்பாக்கி வெடிமருந்து கிடைக்காத நிலையில் எந்த மாற்று மருந்து? அனுபவம் உள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். .38 ஸ்பெஷல் கைத்துப்பாக்கித் தோட்டாக்களை நானே நிரப்பும்போது பல ஆண்டுகளாக எச்பி-38 வெடிமருந்தையே பயன்படுத்தி வந்தேன். தட்டுப்பாட்டினால் இப்போது அதுவும் கிடைக்கவில்லை, அதே மருந்து வேறு பெயரில் வரும் வின்செஸ்டர் 231-உம் கிடைக்கவில்லை. கைக்கு எட்டியவை டைட்குரூப், யூனிக் ஆகிய இரண்டு மருந்துகள் மட்டுமே.

டைட்குரூப் மிகக் குறைந்த இடத்தையே அடைக்கிறது. நீண்ட .38 தோட்டாக் கூட்டுக்குள் விளக்கடித்துப் பார்த்தால், அடியில் மெல்லிய படலம்போலத்தான் தெரிகிறது. கவனம் தவறி ஒரே கூட்டில் இருமுறை ஊற்றினாலும் வெளியே வழியாது என்பதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. யூனிக் கூட்டை நன்றாக நிரப்புகிறது, ஆனால் அதன் பெரிய செதில்கள் அளக்கும் கருவியில் சிக்கிக்கொள்வதால், தராசில் நிறுத்துப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் எடை சற்று மாறுகிறது. இரட்டை நிரப்பலின் ஆபத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய குறை என்றே நினைக்கிறேன்.

எரிவேக அட்டவணையில் (மருந்துகளை எரியும் வேகப்படி வரிசைப்படுத்திய பட்டியல்) அருகருகே இருக்கும் காரணத்தால் ஒரு மருந்தின் அளவை மற்றொன்றுக்குப் போடக் கூடாது என்பதை அறிவேன். தயாரிப்பாளர் கையேட்டின் தொடக்க அளவிலிருந்தே ஆரம்பிப்பேன்.

158 கிரெய்ன் எடையுள்ள ஈயக் குண்டுடன் இவ்விரண்டையும் பயன்படுத்தியவர்கள், யூனிக்கைச் சீராக விழவைக்க என்ன செய்தீர்கள், டைட்குரூப்பில் இரட்டை நிரப்பலைத் தடுக்க எந்தப் பழக்கத்தைக் கடைப்பிடிக்கிறீர்கள் என்று விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.