பண்பாட்டு நிறுவனங்கள் அரசிடமிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன?

கேள்வி: ஜெர்மனியின் கோத்தே நிறுவனமும் சீனாவின் கன்பூசியஸ் நிறுவனமும் அரசின் நிதியுதவியோடுதான் மொழி கற்பிக்கின்றன. ஒன்றை வரவேற்கும் நாடுகள் மற்றொன்றை ஐயத்தோடு பார்ப்பது ஏன்?

மறுமொழி 1: வேறுபாடு அமைப்பில் இருக்கிறது. 1951இல் தொடங்கிய கோத்தே நிறுவனம் சட்டப்படி ஒரு சங்கம்; 1976இல் வெளியுறவு அமைச்சகத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் கீழ் நிதி பெற்றாலும், நிகழ்ச்சிகளைத் தானே முடிவு செய்கிறது. 2004இல் தோன்றிய கன்பூசியஸ் நிறுவனங்களோ பெரும்பாலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு உள்ளேயே இடம்பிடித்ததால், கல்விச் சுதந்திரம் பற்றிய கேள்வி அங்கே கூர்மையாக எழுந்தது. சுவீடன் 2020க்குள் தன் நாட்டிலிருந்த கன்பூசியஸ் நிறுவனங்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

மறுமொழி 2: கோத்தேயும் அவ்வளவு தன்னிச்சையானதன்று. 2023இல் வாஷிங்டன், பிரான்சின் லீல், இத்தாலியின் ஜெனோவா உள்ளிட்ட கிளைகளை மூட எடுத்த முடிவில் அரசு வகுத்த முன்னுரிமைகளின் சாயல் தெரிந்தது.

மறுமொழி 3: நாட்டின் முதல் கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத் 1950இல் நிறுவிய நம் இந்தியப் பண்பாட்டு உறவுகள் மன்றமும் வெளியுறவு அமைச்சகத்தின் கீழ்தான் இயங்குகிறது.