லாஃப்ட் வீடு: பரணா, மாடமா, கிட்டங்கியா?

அன்புடையீர், வணக்கம்.

நியூயார்க் நகரத்துச் சோஹோ பகுதியில் புதுப்பிக்கப்பட்ட ஒரு சொகுசு வீட்டைப் பற்றிய கட்டுரையைக் கட்டடக்கலை மாணவர்களுக்காக மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். 'லாஃப்ட்' என்ற சொல்லில் வேலை நின்றுவிட்டது. நம் வீடுகளில் லாஃப்ட் என்றால் கொலு பொம்மைப் பெட்டியும் பழைய பித்தளை அண்டாவும் ஏறிக் கிடக்கும் கான்கிரீட் பலகை. கட்டுரை சொல்வதோ, வார்ப்பிரும்பு முகப்புடைய பழைய தொழிற்கூடத்தின் ஒரு தளம் முழுவதையும்: தடுப்புச் சுவர் கிடையாது, மெல்லிய இரும்புத் தூண்கள், ஆளுயரத்தை விஞ்சும் சன்னல்கள், அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் மேல்தளம். பரண் என்று எழுத மனம் வரவில்லை. நல்ல சொல் ஒன்று தந்து உதவுங்கள்.

---

அம்மா, வணக்கம்.

பரணை அவ்வளவு எளிதில் தள்ளிவிடாதீர்கள். தினைப்புனத்தில் கிளி கடிந்த பெண்கள் இருந்த உயர்ந்த பரணைச் சங்கப் புலவர்கள் இதணம் என்றும் கழுது என்றும் பாடினார்கள். கழுதுக்குப் பேய் என்ற பொருளும் உண்டாகையால் அதை விட்டுவிடலாம். லாஃப்ட் என்பதன் வேரோ பழைய நார்ஸ் மொழியின் 'லோப்ட்'. அதற்குக் காற்று, வான், மேல்மாடி அறை என்று பொருள். காற்றைக் குறிக்கும் செருமானியச் சொல்லான 'லுஃப்ட்' அதற்கு உறவு. நம்மிடமும் காற்று வரும் வழியாகிய சன்னலுக்குக் காலதர் என்று பெயர் இருந்தது. சிலப்பதிகாரத்தில் 'மான்கட் காலதர் மாளிகை' வருகிறது. கால் என்றால் காற்று. ஆகவே காலையும் மாடத்தையும் சேர்த்துக் 'கான்மாடம்' என்பேன். வேரும் பொருந்துகிறது, புணர்ச்சியும் பொருந்துகிறது.

---

ஐயா, தங்கள் புலமையை மதிக்கிறேன். ஆனால் கான்மாடம் என்று படிக்கும் மாணவர் காட்டில் கட்டிய மாடம் என்றே கொள்வார். கானுக்குக் காடு என்ற பொருள்தானே அவருக்கு முதலில் தோன்றும்? வேர்ச்சொல்லைத் துரத்துவதை விடுத்து அந்த வீடு எப்படி உண்டாயிற்று என்று பார்க்க வேண்டும். அவை பண்டங்கள் அடுக்கவும் துணி தைக்கவும் கட்டிய கட்டடங்கள். தொழில்கள் வெளியேறியபின் ஓவியர்களும் சிற்பிகளும் குறைந்த வாடகைக்காகச் சட்டத்துக்குப் புறம்பாகவே குடியேறினார்கள். 1968இல் டொனால்ட் ஜட் என்னும் கலைஞர் ஸ்பிரிங் தெருவில் 1870ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்து தளக் கட்டடம் ஒன்றை முழுமையாக வாங்கி, அங்கேயே வாழ்ந்து அங்கேயே பணிசெய்தார். 1971இல் கலைஞர்கள் குடியிருக்க அனுமதி கிடைத்தது. 1973இல் அப்பகுதி வரலாற்றுச் சிறப்புடையதாக அறிவிக்கப்பட்டது. 1982இல் இத்தகைய குடியிருப்புகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. செல்வர்கள் பெருகியது அதன் பின்னரே.

பண்டம் வைத்த இடத்தில் மனிதர் வாழ்வதற்கு நம்மிடமே பெயர் இருக்கிறது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளை எண்ணிப் பாருங்கள்: நீண்ட கூடம், தடுப்பில்லை, ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டியும் ஒரு பாயும், பகலில் வட்டிக் கணக்கு, இரவில் அங்கேயே உறக்கம். ஆதலால் 'கிட்டங்கி வீடு' என்பதே என் பரிந்துரை.

---

கிட்டங்கி தென்மாவட்டத்தாருக்கும் நகரத்தாருக்கும் தெரியும். வடமாவட்டத்து மாணவர் அகராதியைத் தேட வேண்டியிருக்கும். 'கிடங்கு' எல்லோருக்கும் விளங்கும். 'கிடங்கு மனை' என்று வைத்தால் என்ன?

---

மனை கூடாது. இன்று 'மனை விற்பனைக்கு' என்ற பலகையைக் காண்பவர் வெற்று நிலத்தையே நினைக்கிறார். கிடங்கு மனையைக் கிடங்கு கட்டுவதற்கான இடம் என்று எடுத்துக்கொள்வார். மேலும் கிடங்குக்கு அகழி என்ற பழம்பொருளும் உண்டு. திண்டிவனத்தை அடுத்த பழைய ஓய்மாநாட்டுக் கிடங்கில் என்னும் ஊர்ப்பெயர் அதிலிருந்தே வந்தது என்பது என் நெடுநாள் எண்ணம். இது குறித்துத் தனி மடல் எழுதுகிறேன்.

---

எல்லோருக்கும் நன்றி. நாளை வெள்ளி. நான்கு பேர் 'கிடங்கு வீடு' போதும் என்று தனிமடலில் எழுதியிருப்பதால் அதையே கையாள்கிறேன். முதல் முறை வருமிடத்தில் மட்டும் லாஃப்ட் என்று அருகில் எழுதி, இது பரண் அன்று என ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். சொகுசு விளம்பரங்கள் மறைத்துவிடும் உழைப்பின் நினைவு இச்சொல்லில் தங்குவது எனக்கு உண்மையாகவே நிறைவளிக்கிறது.

---

அம்மா, தங்கள் அவசரம் புரிகிறது. ஆயினும் கிடங்கு என்றவுடன் மூட்டையும் இருளுமே கண்முன் வருகின்றன. மின்விளக்கு பரவாத காலத்தில், நெடுந்தளத்தின் உள்வரை வெளிச்சம் எட்டுவதற்காகவே சுவரைக் குறைத்து அத்தனை பெரிய சன்னல்களை அந்த வார்ப்பிரும்பு முகப்பில் வைத்தார்கள். அந்த ஒளியும் காற்றும் தங்கள் சொல்லில் இல்லை. கான்மாடம் வேண்டாமென்றால் 'காலதர் மாடம்' என்றாவது அடுத்த பதிப்பில் எண்ணிப் பாருங்கள்.