மிதிகடைசலா, கழைக்கடைசலா?

மரக்கிண்ணம் கடையும் ‘pole lathe’ என்ற பொறிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் பேச்சில் ‘மிதிகடைசல்’ என்ற சொல்லுக்கு ஆதரவு கூடிக்கொண்டே போகிறது. அதை உறுதி செய்வதற்கு முன் என் மறுப்பையும் பதிவு செய்துவிடுகிறேன். சொல்லில் குறை இல்லை. ஆனால் மரத்தைச் சுழலவிட்டு உளியால் வடிவம் கொடுக்கும் கடைசல் பொறியில், காலால் மிதித்து ஓட்டுவதில் மட்டும் இரண்டு வகை உண்டு, இந்தச் சொல் இரண்டையும் ஒரே பையில் போட்டுவிடுகிறது.

ஒரு வகையில் மிதிகட்டை ஒரு வளைதண்டைச் (crank) சுழற்றும். கனமான சக்கரம் அந்த வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மரம் ஒரே திசையில் நிற்காமல் சுழலும். லியொனார்டோ டா வின்சி வரைந்து வைத்திருப்பது இந்த வகை. இதற்கு ‘மிதிசக்கரக் கடைசல்’ போதும்.

நாம் பேசிக்கொண்டிருக்கும் கிண்ணம் கடையும் பொறி வேறு. அதில் சக்கரமே கிடையாது. தலைக்கு மேலே வளைந்து கொடுக்கும் நீளமான கழி ஒன்று. அதன் நுனியிலிருந்து இறங்கும் கயிறு ஓர் உருளையை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு கீழே மிதிகட்டைக்குப் போகிறது. மிதித்தால் மரம் கடைபவரை நோக்கிச் சுழலும். அப்போதுதான் உளி வெட்டும். காலைத் தூக்கினால் கழி நிமிர்ந்து கயிற்றை மேலே இழுக்க, மரம் எதிர்த்திசையில் சுழலும். அந்த நேரத்தில் உளியைத் தாங்குகட்டையிலிருந்து எடுப்பதில்லை, மயிரிழை அளவு பின்னுக்குத் தளர்த்துவதோடு சரி. அடுத்த மிதிக்கு அது அதே இடத்தில் தயாராக இருக்க வேண்டும். பழகிய கைக்கு இது தானாக வந்துவிடும். சக்கரப் பொறியில் பழகியவர்கள் முதலில் திணறுவது இங்கேதான்.

இந்தப் போக்குவரத்தைக் காட்ட ‘முன்பின்சுழல் கடைசல்’ என்ற யோசனையும் வந்திருக்கிறது. விளக்கமாகச் சரி, பெயராகக் கனம். தவிர, மத்தால் தயிர் கடையும்போது கயிறு என்ன செய்கிறது? இதே முன்பின் சுழற்சியைத்தான். ‘கடை’ என்ற வினைக்குள்ளேயே அது இருக்கும்போது இன்னொரு அடைமொழி எதற்கு? எனவே என் முன்மொழிவு ‘கழைக்கடைசல்’. கழைக்கூத்தாடி என்ற சொல் எல்லோருக்கும் தெரியும் என்பதால் கழை அந்நியமாக ஒலிக்காது. கழை என்றால் மூங்கில்தானே, வேறு மரக்கழி வைத்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். இன்று கழிக்குப் பதிலாக ரப்பர் கயிறு கட்டுபவர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். பெயர் பொறியின் வகையைச் சொன்னால் போதும், உதிரிபாகப் பட்டியலாக இருக்க வேண்டியதில்லை.

அப்புறம், துணைச்சொற்கள். நாற்காலிக் கால் கடையும்போது கயிற்றை மரத்தின் மேலேயே சுற்றிவிடலாம். கிண்ணத்துக்கு அது முடியாது. அதனால் முள் பதித்த ஒரு மர உருளையைக் கட்டையின் வாய்ப்பக்கத்தில் அடித்து இறக்கி, கயிற்றை அதன் மேல் சுற்றுகிறார்கள். இதை வெறும் ‘தண்டு’ என்றால் வளைதண்டோடு குழம்பும்; ‘கயிற்றுருளை’ என்று வைக்கலாம். நுனி வளைந்த, நீண்ட கைப்பிடி கொண்ட உளிக்குக் ‘கொக்கி உளி’ என்பதில் யாருக்கும் தகராறு இருக்காது.

கொஞ்சம் யோசிக்க வேண்டியது நடுவில் மிஞ்சும் கட்டைக்கு. கயிற்றுருளை அதில்தான் நிற்கிறது என்பதால் கடைசி வரை அதை வெட்ட முடியாது. சுற்றிலும் குடைந்துகொண்டே போய், அடியில் விரல் தடிமனுக்கு மெலிந்ததும் ஒடித்து எடுக்கிறார்கள். அந்த வடு கிண்ணத்தின் உள்ளே தெரியும். பிறகு கைக்கத்தியால் சீவ வேண்டும். இதற்குக் ‘கழிவுக்கட்டை’ என்று ஒருவர் எழுதியிருந்தது எனக்கு ஒப்பவில்லை. 1958-இல் மறைந்த இங்கிலாந்துக் கைவினைஞர் ஜார்ஜ் லெய்லி ஒரே கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்களைக் கடைந்து எடுத்தவர். பெரிய கிண்ணத்தின் நடுக்கட்டைதான் அவருக்கு அடுத்த கிண்ணம். அதைப் போய்க் கழிவு என்பதா? ‘நடுக்கட்டை’ என்றே இருக்கட்டும்.

பச்சை மரத்தில் கடைந்த கிண்ணம் காயும்போது நார் ஓடும் திசையில் ஏறக்குறைய சுருங்காது, குறுக்கே சுருங்கும். வட்டமாகக் கடைந்தது சற்றே நீள்வட்டமாகும். இதற்குக் ‘கோணல்’ என்று எழுதினால் பழுதுபோல் ஒலிக்கிறது. ‘காய்வளைவு’ என்றால் மாங்காய் நினைவுக்கு வருகிறது. ‘உலர்சுருக்கம்’ சரிப்படுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.