இஎஸ்எக்ஸ்ஐ 7-லிருந்து 8: ஒரு ஹோஸ்டை மட்டும் விட்டுவைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூர் துவாஸில் ஒரு கிடங்கு நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்று ஹோஸ்ட் (விஎம் எனப்படும் மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் சர்வர்), மூன்றிலும் இஎஸ்எக்ஸ்ஐ 7, அதாவது அந்த விஎம்களை ஓட்டும் விஎம்வேர் மென்பொருள். அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. சீனப் புத்தாண்டு விடுமுறைக்குள் 8-க்கு மாற்றிவிடு என்கிறார் பாஸ். அவருக்கென்ன, சொல்லிவிடுவார்!

முதலில் விசென்டர் (எல்லா ஹோஸ்டையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்), அப்புறம் ஹோஸ்ட். அதில் குழப்பமில்லை. புராசஸர்களும் ஆதரவுப் பட்டியலில் இருக்கின்றன. இடிப்பது ரெய்டு கார்டுதான் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் கார்டு). ஒரு ஹோஸ்டில் பழைய மாடல். பட்டியலில் 7 வரைக்கும்தான் அதன் பெயர் இருக்கிறது. டிரைவர் ஏறாவிட்டால் விஎம் கோப்புகள் இருக்கும் அந்த டேட்டாஸ்டோர் கண்ணுக்கே தெரியாது.

சரக்குக் கணக்கு மென்பொருள் விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-இல் ஓடுகிறது. அதை எழுதிக் கொடுத்தவர்கள் எப்போதோ கடையை மூடிவிட்டார்கள். அந்த விஎம்மின் ஹார்டுவேர் வெர்ஷனை (அதற்குக் காட்டப்படும் மெய்நிகர் வன்பொருளின் பதிப்பு எண்) தொடப்போவதில்லை. 20-க்கு ஏற்றினால் 7 ஹோஸ்டில் திரும்ப ஓடாது. ஸ்னாப்ஷாட்டை (விஎம்மின் அந்நேர நிலையைப் பதிந்துவைப்பது) நம்பாமல், பேக்கப்பை வேறு ஹோஸ்டில் ரிஸ்டோர் செய்தும் பார்த்தாயிற்று.

பழைய கார்டு உள்ள ஹோஸ்டை மட்டும் சில வாரம் 7-லேயே வைத்து, ஒரே கிளஸ்டரில் (ஹோஸ்டுகளின் கூட்டு) கலந்து ஓட்டியவர்கள் யாராவது உண்டா? விமோஷன் (ஓடும் விஎம்மை நிறுத்தாமல் வேறு ஹோஸ்டுக்கு நகர்த்துவது) இரு பக்கமும் ஒழுங்காகப் போனதா? கார்டையே மாற்றுவது நல்லது என்றால், சிம் லிம் ஸ்கொயர் கணினிக் கடைகள் பக்கம் கிடைக்குமா, ஆர்டர்தான் போட வேண்டுமா?