0.7 மில்லிமீட்டர் மூளைப் படம்: மேற்பரப்பு வரைவுக்கு செட்டிங் தேர்ந்தெடுத்த அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

மகப்பேற்றுக்காகக் காரைக்குடியில் அம்மா வீட்டுக்கு வந்திருந்த மாதங்களில், என் முனைவர் பட்ட ஆய்வுக்கான 24 பேரின் எம்.ஆர்.ஐ. மூளைப் படங்களை, மூளையின் மேற்பரப்பை வரைந்து அளக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருளில் ஓட்டி முடித்தேன். எல்லாமே 3 டெஸ்லா கருவியில் 0.7 மி.மீ. வாக்ஸலில் (படத்தின் மிகச் சிறிய கனப் புள்ளி) எடுத்த டி1 படங்கள். ஒவ்வொருவருக்கும் அதே அளவில் டி2 படமும் உண்டு; இவை திசுக்களை வெவ்வேறு சாயலில் காட்டும் இரு வகைப் படங்கள். மூளை இணைப்புகளை வரைபடமாக்கும் ஹியூமன் கனெக்டோம் புராஜெக்ட் என்ற ஆய்வில் இளம் வயதினருக்கு எடுத்ததும் இதே அளவுதான். பெருமூளையின் வெளி அடுக்கான புறணி மிக மெல்லிதாக இருக்கும் இடங்களில் அதன் தடிமன் 2 மி.மீ.க்கும் குறைவு என்பதால், 1 மி.மீ. வாக்ஸல் அங்கே போதாது.

இதைத் தெரிந்திருந்தும் நான் தவறிய இடம், எல்லாப் படிகளையும் ஓட்டும் ரீகான்-ஆல் கட்டளையைக் கூடுதல் விருப்பம் (ஆப்ஷன்) எதுவும் தராமல் ஓட்டியதுதான். அப்படி ஓட்டினால், கொடுக்கும் படம் எவ்வளவு நுணுக்கமானதாக இருந்தாலும், அதை முதலில் பக்கத்துக்கு 256 வாக்ஸலாக, ஒவ்வொரு வாக்ஸலும் 1 மி.மீ. என்ற கணக்கில் மாற்றிக்கொண்டுதான் மென்பொருள் மேலே செல்லும். 1 மி.மீ. வாக்ஸல் ஒன்றின் கன அளவுக்குள் 0.7 மி.மீ. வாக்ஸல்கள் ஏறக்குறைய மூன்று அடங்கும். அசையாமல் படுத்திருந்து அந்த மனிதர்கள் எனக்குக் கொடுத்த நுணுக்கத்தை முதல் படியிலேயே நான் தொலைத்திருக்கிறேன். பிழைச் செய்தி ஏதும் வராததால், எட்டுப் பேரை முடிக்கும் வரை அது தெரியவில்லை. ஒருவரது மூளையின் பின்பகுதியில் உள்ள கால்கரைன் பள்ளத்தைப் பெரிதாக்கி, அசல் படத்தின் மேல் கோடுகளை வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. பள்ளத்தின் இரு கரைகளுக்கும் நடுவே மூளைத் தண்டுவடத் திரவம் மெல்லிய கறுப்பு இழையாக அடிவரை தெரிந்தது. ஆனால் புறணியின் வெளி எல்லையைக் காட்டும் சிவப்புக் கோடு பாதி ஆழம்கூட இறங்காமல் திரும்பிவிட்டிருந்தது.

எட்டையும் நீக்கிவிட்டு, 2017இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து கிடைக்கும் ஹைரெஸ் விருப்பத்தைச் சேர்த்து மறுபடி தொடங்கினேன். அது படத்தின் மிகச் சிறிய வாக்ஸல் அளவையே எடுத்துக்கொண்டு வேலை செய்யும். அதோடு ஒன்றை மறக்கக் கூடாது. வாக்ஸல் சிறிதாகும்போது மேற்பரப்பு வலையின் முக்கோணங்கள் பெருகுவதால், மடிப்புகளை ஊதி விரிக்கும் இன்ஃப்ளேட் படிக்கு இயல்பாக உள்ள சுற்றுகள் போதவில்லை. பாதி ஊதிய பலூனைப் போலச் சுருக்கங்களோடு நின்ற மேற்பரப்பு, அடுத்து வரும் கோளமாக்கும் படியைப் பல மணி நேரம் இழுத்தடித்தது. எக்ஸ்பர்ட் விருப்பக் கோப்பு ஒன்றில் ஒரே வரி எழுதிச் சுற்றுகளை 50 ஆக்கிய பிறகு அது சீரானது.

டி2 படம் இருந்தால், டி2பையல் விருப்பத்தைத் தயங்காமல் சேருங்கள் என்பேன். மூளையை மூடியிருக்கும் துரா உறை டி1 படத்தில் புறணியைப் போன்ற சாம்பல் நிறத்திலேயே தெரிவதால், வெளிக் கோடு உறையின் மேல் ஏறிவிடுகிறது. டி2 படத்தில் திரவம் வெளுப்பாகவும் உறை கறுப்பாகவும் பிரிந்து நிற்கின்றன. நெற்றிப் பகுதியிலும் பக்க மடலிலும் நான் கையால் திருத்த வேண்டியிருந்த இடங்கள் பெரும்பாலும் இதனால் குறைந்துவிட்டன.

ஒருவருக்கு ஏழு மணி நேரம் எடுத்த வேலை ஹைரெஸில் பதினாறு மணி நேரமானது. சித்திரை வெயிலில் மாடி அறை தாங்காது என்பதால் கணினியை இரண்டாம் கட்டில் ஆத்தங்குடிக் கல் தரையில் வைத்தேன். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நின்ற ஒரு நாளில் ஓட்டம் நடுவில் அறுந்தது. மறுபடி கட்டளை கொடுத்தால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி மறுத்தது. ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் இஸ்-ரன்னிங் என்ற பெயரோடு தங்கிவிட்ட சிறு கோப்பை நீக்கி, மேக்-ஆல் விருப்பத்தோடு கொடுத்தபோது விட்ட படியிலிருந்து தொடர்ந்தது.

தேவகோட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்:

சகோதரி எழுதியதைப் படித்ததும், ரேடியோகிராஃபராக இருக்கும் நான் ஒன்றைச் சேர்க்கக் கடமைப்பட்டிருக்கிறேன். ஹைரெஸ் மிகச் சிறிய வாக்ஸல் அளவை எடுத்துக்கொள்ளும் என்றார்கள். அந்த அளவு உண்மையா என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் மையத்துக்கு வந்த ஆய்வு மாணவர் ஒருவர், தம் படங்கள் 0.5 மி.மீ. என்று சொல்லி, மூன்று நாளாகியும் ஒரு மூளைகூட முடியவில்லை என்று வருந்தினார். படத்தின் தலைப்பு விவரங்களை இருவரும் சேர்ந்து பார்த்தோம். நிரைகள் 512 என்றிருந்தன. உண்மையில் எடுத்த அளவைச் சொல்லும் அக்விசிஷன் மேட்ரிக்ஸ் என்ற வரியிலோ 256 என்றிருந்தது. அதாவது கருவி 1 மி.மீ. அளவில் எடுத்ததை, பார்வைக்கு வழவழப்பாக இருக்கட்டும் என்று இன்டர்போலேஷன் செய்து (இடைப் புள்ளிகளைக் கணக்கிட்டு நிரப்பி) 0.5 ஆகக் காட்டியிருக்கிறது. வெட்டின் தடிமனோ 1 மி.மீ. ஹைரெஸ் அதை மூன்று திசையிலும் 0.5 ஆக்கியதால், உண்மையான ஒரு வாக்ஸலுக்கு எட்டு வாக்ஸல்களைக் கணினி சுமந்திருக்கிறது. அவற்றில் புதிய தகவல் ஒரு துளியும் இல்லை. விருப்பம் எதுவுமின்றி ஓட்டியபோது அன்றிரவே முடிந்தது. ஸ்கேன் எடுக்கும் இடத்திலேயே இன்டர்போலேஷனை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் நிறுத்தித் தருவோம்; கேட்பவர்கள்தான் குறைவு.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் உறுப்பினர்:

இருவரும் சொன்னது சரியே. என் சிக்கல் வேறு விதம். நோயுற்றவர்களின் படங்கள் பழையவை, 1 மி.மீ.; ஒப்பிடுவதற்கு எடுத்த நலமானவர்களின் படங்கள் 0.8 மி.மீ. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற செட்டிங்கைக் கொடுப்பதே நியாயம் என்று எண்ணி, முதல் குழுவை இயல்பாகவும் இரண்டாம் குழுவை ஹைரெஸிலும் ஓட்டினேன். புறணித் தடிமனில் குழுக்களுக்கிடையே தெளிவான வேறுபாடு வந்தது. வழிகாட்டியிடம் காட்டி மகிழவும் செய்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: நலமானவர்கள் பத்துப் பேரை இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்தீர்களா? ஓட்டினேன். நோய் எதுவும் இல்லாத அதே பத்து மூளைகளில், செட்டிங் மாறியதற்காகவே தடிமன் மாறியது. நான் கண்டுபிடித்ததாக நம்பிய வேறுபாட்டின் பெரும்பகுதி அதுதான். அதன் பிறகு எல்லாரையும் 1 மி.மீ.க்குக் கொண்டுவந்து, ஒரே பதிப்பில், ஒரே கணினியில், ஒரே விருப்பங்களோடு ஓட்டினேன். படம் எடுத்த கருவியும் அளவும் வேறு என்ற குறை அப்படியே இருப்பதை ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன். 0.8 மி.மீ. படங்களின் ஹைரெஸ் முடிவுகளை நலமானவர்களுக்குள் மட்டும் பார்க்கும் தனி அத்தியாயத்துக்கு வைத்துக்கொண்டேன்.